சாரலில் ஒட்டி, சித்திரையில் பிளந்த கப்பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை பிறந்து நான்காம் நாள் இரவு, பாளையங்கோட்டை வீட்டு மாடி அறையில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. பல்லி ஏதோ பூச்சியைச் சுவரில் அடித்திருக்கும் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒன்பது மாதமாக நானும் என் அக்கா மகனும் பலகை பலகையாக ஒட்டி வளர்த்த மாதிரிப் போர்க்கப்பலின் இடது விலாவில், மூன்றாம் பீரங்கி ஜன்னலுக்குக் கீழே, கோடு கிழித்தாற்போல ஒரு விரிசல். நீளம் பதினாறு சென்டிமீட்டர். மேசைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை அதில் செருகினேன். தடையே இல்லாமல் உள்ளே போனது. அந்த வாரம் முடிவதற்குள் இடப்பக்கம் இன்னும் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. மொத்தம் நான்கு விரிசல்கள்.

இவை ஏன் வந்தன, முதலில் அவசரப்பட்டு என்ன தவறு செய்தோம், பிறகு எது கைகொடுத்தது என்பதை அன்றாடம் எழுதிவைத்த நோட்டிலிருந்து இங்கே தருகிறேன். இப்படி ஒரு கிட் (மாதிரிக் கப்பலுக்கான பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவதும் இதைத்தான். கிட்டோடு வரும் செய்முறைப் புத்தகம் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதில் குற்றாலச் சாரலும் கிடையாது, அக்னி நட்சத்திரமும் கிடையாது.

கப்பல்

நாங்கள் எடுத்துக்கொண்டது ‘கான்ஸ்டிட்யூஷன்’. 1794ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கா தன் கடற்படைக்குக் கட்டிய ஆறு ஃபிரிகேட் எனும் வேகப் போர்க்கப்பல்களில் ஒன்று. 1797 அக்டோபர் 21 அன்று பாஸ்டனில் நீரில் இறங்கியது. இன்றும் அங்கேயே மிதக்கிறது. 1812 ஆகஸ்ட் 19 அன்று பிரிட்டனின் ‘கெரியேர்’ கப்பலோடு மோதியபோது, எதிரியின் குண்டுகள் இதன் கனத்த ஓக் மர விலாவில் பட்டுத் தெறித்தன. அன்றிலிருந்து இரும்பு விலாக்காரன் என்ற பொருளில் இதற்கு ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

“நம் ஊருக்கும் இந்தக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம், மாமா?” என்று மருமகன் கேட்டான். நம் ஊருக்கு நேரடியாக இல்லை. ஆனால் நம் நாட்டுத் தேக்குக்கு உண்டு. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கடற்கரைக்கு அப்பால் கான்ஸ்டிட்யூஷன் ‘ஜாவா’ என்ற பிரிட்டிஷ் கப்பலை வென்று பிடித்தது. பழுதுபார்க்க முடியாத நிலையில் அது அழிக்கப்பட்டது. பம்பாயில் கட்டவிருந்த ஒரு ஃபிரிகேட்டின் வரைபடங்களும் அதில் போயின. மறுபடியும் வரைபடம் அனுப்பி, வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் தேக்கில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று இறக்கியதுதான் ‘டிரிங்கோமலி’. திருகோணமலையின் பெயர் தாங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதக்கிறது. இரு நூறு ஆண்டுகள் கடந்தும் தேக்கு நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது இந்தக் கதைக்குள் வரும்.

எங்கள் மாதிரி ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. உடல் மட்டும் இரண்டடிக்குச் சற்று மேல். அமைப்பு எல்லாக் கிட்டிலும் இருப்பதுதான். ஒட்டுப்பலகையில் வெட்டிய முதுகெலும்பு, அதில் குறுக்கே செருகும் சட்டங்கள், அவற்றின் மேல் லைம் மரப் (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்றும் சொல்லப்படும் ஐரோப்பிய மரம்) பலகை ஒரு அடுக்கு, அதன்மேல் வால்நட் பலகை இன்னொரு அடுக்கு. லைம் பலகை 5 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். தென்னை ஈர்க்கைவிடச் சற்றே அகலமான குச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடித் தோணிக்காரர்கள் சொல்லும் சொற்களையே நாங்கள் வீட்டில் பழகிக்கொண்டோம். அடிக்கட்டை ஏரா, முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், விலாச் சட்டம் வங்கு. புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொற்களைவிட இவை பையனின் நாக்கில் சீக்கிரம் உட்கார்ந்தன.

கட்டிய விதம்

அந்த ஆண்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இலஞ்சியில் இருந்தேன். குற்றாலம் கூப்பிடு தூரம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து சாரலாகத் தூவும் ஊர். துணி காய இரண்டு நாள் ஆகும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும். அப்பளம் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே நமத்துப்போகும். அந்த மூன்று மாதத்தில்தான் கப்பலுக்கு முதல் அடுக்குப் பலகை ஒட்டினோம். பலகையின் நுனியைக் கொதிநீரில் ஊறவைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் வளைத்து, துணிக் கிளிப்பால் இறுக்கி, வெள்ளைப் பசையில் ஒட்டினோம். வேலை அழகாக நடந்தது. ஈர மரம் சொன்னபடி வளைந்தது. ஒரு பலகைகூட உடையவில்லை.

அதை அன்று எங்கள் கைத்திறன் என்று நினைத்தோம்.

செப்டம்பரில் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, கார்த்திகை மழையில் வால்நட் அடுக்கை ஒட்டி, தை முதல் பங்குனி வரை மேல்தளமும் பீரங்கி ஜன்னல்களும் செய்தோம். அப்புறம்தான் சித்திரை வந்தது. கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே உள்ள அறை, மேற்கு ஜன்னல், நாள் முழுக்க மின்விசிறி.

சந்தேகங்கள்

முதலில் பசையைச் சந்தேகித்தேன். விரிசல் ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து, தபால்தலை சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பசைக்கோடு அப்படியே இருந்தது. பக்கத்து மரம்தான் நார் நாராகக் கிழிந்திருந்தது. பசை தோற்றிருந்தால் அந்த முகம் கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கும். தோற்றது மரம்.

அடுத்து எங்கள் கையைச் சந்தேகித்தேன். பலகையை வலிந்து வளைத்து ஒட்டினால் அது எப்போதாவது விடுபடப் பார்க்கும். அப்படியென்றால் அதிகம் வளைந்த அணியத்தில்தானே பிளந்திருக்க வேண்டும்? அங்கே மயிரிழைகூட விடவில்லை. நான்கு விரிசல்களும் நடுவயிற்றில், பலகை ஏறக்குறைய நேராக ஓடும் இடத்தில் வந்தவை. இது என்னை வெகுநாள் குழப்பியது. பிறகுதான் விளங்கிற்று. அணியத்துக்குப் போகும்போது பலகைகளை 3 மில்லிமீட்டருக்குச் சீவியிருந்தோம். நடுவயிற்றில் முழு 5 மில்லிமீட்டர். அகலம் கூடிய இடத்தில் பிளவு, குறைந்த இடத்தில் பிளவில்லை.

இதெல்லாம் விளங்குவதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்துவிட்டேன். விரிசல்களை மெக்கானிக் கடையில் இரவல் வாங்கிய ஃபீலர் கேஜால், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால், அளந்தேன். இடப்பக்கம் 0.8, 0.6, 0.5 மில்லிமீட்டர். வலப்பக்கத்து ஒன்று 0.5. கையோடு, வால்நட் தூளைப் பசையில் குழைத்து இடப்பக்கத்து மூன்றையும் அடைத்துத் தேய்த்துவிட்டேன். பார்வைக்குப் புதிதுபோல ஆயிற்று. வலப்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும் என்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டதுதான் ஆய்வுக்கு உதவியது.

மருமகன் அந்த ஒற்றை விரிசலை விடவில்லை. ஒரு ராத்திரி நனைத்துப் பிழிந்த துண்டைக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துவைத்தான். காலையில் என்னை எழுப்பினான்.

“மாமா, விரிசல் மூடிக்கொள்கிறது.”

அளந்தேன். 0.2.

அம்பாசமுத்திரத்தில் கேட்ட கேள்வி

வைகாசியில் அம்பாசமுத்திரத்துக்குப் போனோம். பாய்மரத்துக்கு வந்த உருளைக் குச்சி ஒன்று வில்லாக வளைந்திருந்தது. சொப்புச் சாமான் கடைபவர் எவரிடமாவது புதிதாகக் கடைந்து வாங்குவதே நோக்கம். ஒரு பெரியவரின் பட்டறையில் உட்கார்ந்தோம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அவர் அழுத்த, உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிச் சிவப்பாகப் பரவியது. விரிசலின் படத்தைக் காட்டி, “அண்ணாச்சி, இது எதனால் வரும்?” என்றேன். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“தம்பி, இந்த மரம் உங்கள் வீட்டுக் காற்றில் எத்தனை நாள் கிடந்தது?”

“உறையைப் பிரித்துப் பதினோரு நாள் வைத்திருந்தோம், அண்ணாச்சி.”

“எந்த மாதம்? எந்த ஊர்?”

ஆனியில், இலஞ்சியில் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எந்திரத்தை நிறுத்தினார். தான் கடையும் மஞ்சள் கடம்புக் கட்டைகள் நிழலில் அடுக்கிக் கிடப்பதைக் காட்டினார். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் காற்றுப் போகக் குச்சி வைத்திருந்தார். ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்க்காத கட்டையில் அவர் கை வைப்பதில்லையாம். “சொப்பில் மூடி இறுகினாலும் குழந்தை அழும், கழன்றாலும் அழும்” என்றார்.

அதே மாதம் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிக்குக் கலப்பத்து அடிக்கும், அதாவது பலகைப் பொருத்துகளை அடைக்கும், ஒருவரிடமும் கேட்டோம். கரையில் ஏற்றி வெயிலில் நிறுத்திய தோணிக்குப் பொருத்துகள் வாய் திறக்கத்தான் செய்யும் என்றார் அவர். பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கிக் கடலில் விட்டால், தண்ணீர் குடித்துப் பலகை ஊதி, பொருத்து தானாக மூடிக்கொள்ளும். மருமகன் தொட்டியைக் கவிழ்த்துச் செய்ததும் இதுதான். கடலில் மிதக்கும் கப்பலுக்குக் கடலே மருந்து. அலமாரியில் நிற்கும் கப்பல் எந்தக் கடலைக் குடிக்கும்?

கணக்கு

மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் நிற்கும் நீர் ஏறக்குறைய 16 சதவீதம். 30 சதவீதக் காற்றில் அது 6க்கு இறங்கிவிடும். லைம் மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை, அறுத்த திசையைப் பொறுத்து அகலத்தில் 9 சதவீதம்வரை சுருங்கும். தேக்கு அதில் பாதியை ஒட்டித்தான். உள்ளே நீர் ஒரு சதவீதம் குறைந்தால் லைம் பலகை 0.3 சதவீதம் ஒடுங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பலகைக்கு என்ன நடந்தது என்று தெரிய, மிச்சமிருந்த பன்னிரண்டு லைம் குச்சிகளை நூலால் கட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். வைகாசியில் பாளையங்கோட்டையில் 26.8 கிராம். அதே கட்டினை ஆடியில் இலஞ்சி வீட்டுத் திண்ணையில் பத்து நாள் தொங்கவிட்டு, அங்கிருந்த நகைக்கடையில் நிறுத்தபோது 28.7. அறுபது கிலோமீட்டர் தூரத்துக்குள், இரண்டு மாதத்துக்குள், அந்தச் சிறு கட்டு கிட்டத்தட்ட இரண்டு கிராம் தண்ணீர் குடித்திருந்தது. நூற்றுக்கு ஏழு.

7ஐ 0.3ஆல் பெருக்கினால் 2.1 சதவீதம். 5 மில்லிமீட்டர் பலகைக்கு அது பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஒரு பலகையில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் நடுவயிற்றில் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து பலகை இருக்கிறது. கூட்டினால் 2.6 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் சட்டமோ ஒட்டுப்பலகை. அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்காக ஓடுவதால் அது அசையாது. அசையாத எலும்பில் பசையால் பிடிபட்ட தோல் 2.6 மில்லிமீட்டர் ஒடுங்க வேண்டும். எங்கே பலவீனமோ அங்கே கிழிந்தது. நான் அளந்த இடப்பக்க விரிசல்களின் கூட்டுத்தொகை 1.9. மீதியைப் பசையும் மரமும் இழுபட்டுத் தாங்கியிருக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழை இந்தக் கணக்குக்குச் சாட்சி சொன்னது. அடைக்காமல் விட்ட வலப்பக்க விரிசல் தானே மூடி மயிரிழையாயிற்று. அடைத்த இடப்பக்கமோ, விரிய இடமில்லாமல், இரண்டு வால்நட் பலகைகள் ஓரம் தூக்கி வரப்புபோல மேலெழுந்து நின்றன. கோடையில் அகன்ற வாயைக் கோடையிலேயே அடைத்தால் மழையில் இதுதான் நடக்கும். மரவேலையில் இதற்கு இணையான தவறு நான் செய்ததில்லை. யாரும் செய்ய வேண்டாம்.

செய்த வைத்தியம்

தராசில் நிறுத்த அந்தக் குச்சிக் கட்டினையே எங்கள் ஈரமானியாக்கினோம். கப்பல் நிற்கும் அறையிலேயே அதைத் தொங்கவிட்டு வாரம் ஒரு முறை நிறுத்தோம். 26.8க்கும் 28.7க்கும் நடுவே, 27.7ஐ ஒட்டி எடை நிற்கும் நாளில்தான் விரிசலில் கை வைப்பது என்று முடிவு செய்தோம். அந்த நாள் தை கடைசியில் வந்தது.

அதற்குள் இடப்பக்கத்து வால்நட் பலகை பதினான்கையும் கழற்றியிருந்தோம். மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துப் பலகைமேல் வைத்து, பாலிதீனால் மூடி இருபது நிமிடம் விட்டால் வெள்ளைப் பசை இளகிவிடும். மொண்ணைக் கத்தியால் நெம்பினால் பலகை முழுசாக வரும். பழைய அடைப்பை ஊசிமுனையால் சுரண்டி எடுத்தோம். செங்கோட்டையில் இடித்த வீட்டின் தேக்கு நிலைச் சட்டம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து இழைப்புளியால் காகிதக் கனத்துக்குச் சீவல் எடுத்து, ஒரு ஓரம் மெலிதாகத் தேய்த்து, விரிசலுக்குள் ஆப்பாக இறக்கினோம். பசை ஒரு பக்க ஓரத்துக்கு மட்டும்தான். மறுபக்கம் நகர வழி வேண்டும். நூறு வயதாவது இருக்கும் அந்தத் தேக்கு, உலர வேண்டியதெல்லாம் உலர்ந்து முடித்தது. டிரிங்கோமலியை இன்னும் மிதக்கவைக்கும் இனத்துச் சீவல் ஒன்று கான்ஸ்டிட்யூஷனின் விலாவுக்குள் போனதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

அடுத்தது மரத்தின் வாயைக் கட்டுவது. வெளிப்பக்கம் தச்சர்கள் பூசும் பிரெஞ்சு பாலிஷ் என்னும் அரக்குக் கரைசல் போதும். அரக்கு ஈரத்தை அடியோடு நிறுத்தாது. நுழையும் வேகத்தைக் குறைக்கும். ஒரு நாள் மழைக்கும் ஒரு நாள் வெயிலுக்கும் மரம் துள்ளாமல் இருக்க அதுவே பெரிது. உள்பக்கம்தான் சிக்கல். மேல்தளம் மூடியாயிற்று, ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒவ்வொன்றும் தனி அறை. நீர்க்கோட்டுக்குக் கீழே, அறைக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு ஒன்பது துளைகள் போட்டோம். ஊசிக் குழலால் பாலிஷைச் செலுத்தி, கப்பலைக் கைக்குழந்தைபோல இடமும் வலமும் சாய்த்து, மிச்சத்தை வடித்தோம். நான்கு மாலைகள் ஆயின. துளைகளைக் குச்சியால் அடைத்தபின் அவற்றின் மேல் செம்புத் தகடு வந்தது.

அசல் கப்பலின் அடியில் செம்பு அடித்தது கப்பல் புழுவும் பாசியும் ஏறாமலிருக்க. 1803இல் கான்ஸ்டிட்யூஷனுக்குச் செம்புத் தகடு கொடுத்தவர் பாஸ்டன் செம்புப் பட்டறைக்காரர் பால் ரெவியர். எங்கள் தகடு 12 மில்லிமீட்டர் நீளம், மூன்றரை மில்லிமீட்டர் அகலம். பக்கத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். மருமகன்தான் பெரும்பாலும் ஒட்டினான். அவன் விரல்நுனி ஒரு மாதம் பச்சையாக இருந்தது. அந்தச் செம்பு அடிப்பாதி மரத்துக்கு ஈரமும் வெயிலும் நேராகப் படாமல் மூடியும் விட்டது.

கயிறு வேலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கிட்டில் வந்த பருத்தி நூல் ஈரத்தில் இறுகி, வெயிலில் தொய்ந்தது. ஐப்பசியில் பாய்மர நுனியை முன்னால் இழுத்து வளைக்கும் அளவுக்கு இறுகிற்று. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, தையற்கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக் கட்டினோம். அது ஈரம் குடிப்பதில்லை. கீழ்ப் பாய்மரம் மூன்றும் அம்பாசமுத்திரத்துப் பெரியவர் மஞ்சள் கடம்பில் கடைந்து கொடுத்தவை. பணம் வாங்க மறுத்துவிட்டு, முடிந்ததும் கப்பலைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

இரண்டாம் கோடை

மறு ஆண்டு அக்னி நட்சத்திரத்தின் கடைசி நாள் குச்சிக் கட்டு 26.9 கிராம் காட்டியது. ஏறக்குறைய பழைய வறட்சிதான். கேஜின் மிக மெல்லிய தகட்டோடு மருமகன் விலா முழுக்கப் பார்த்தான். மூன்றாம் பீரங்கி ஜன்னலுக்குக் கீழே, தேக்குச் சீவலின் ஒட்டாத ஓரத்தில் மட்டும், 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. நாங்கள் நகர விட்ட இடத்தில்தான் அது நகர்ந்திருந்தது. அதை அடைக்கவில்லை. ஐப்பசியில் அது தானே மூடிக்கொண்டது.

கப்பல் இப்போது மேற்கு ஜன்னலிலிருந்து விலகி, கீழ்வீட்டில், அடியில் இரண்டு சிறு காற்றுத்துளை விட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. அடுத்த கிட் வந்து ஏழு மாதமாகிறது. அதன் பலகைக் கட்டுகள் உறை பிரித்த நிலையில் கூடத்து உத்தரத்தில் தொங்குகின்றன. ஒவ்வொரு கட்டிலும் ஒரு அட்டை. அட்டையில் மருமகன் கையெழுத்தில் தேதியும் எடையும். போன வெள்ளிக்கிழமை எழுதியது 41.3. பார்த்துவிட்டு, “இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, மாமா” என்றான்.